அடுப்படியிலிருந்து ஆயர் பீடம் வரை



"ஹாஸ்டல் கதை எழுத பத்துப் பேர் இருக்காங்க, நீ நம்ம ஏரியா வரலாறு ஏதாவது எழுது" என்று மலர்க் குழுவினர் கட்டளையிட்டுவிட்டார்கள். நானோ சிவில் இன்ஜினியர். காளவாசல் என்றாலே செங்கல் சூளைதான் என் நினைவுக்கு வரும். கட்டி முடித்த வீட்டில் பூச்சு தெரியும், செங்கல் தெரியாது. அப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போன சில பெண்களைப் பற்றி எழுதுகிறேன்.

படிக்கிற காலத்தில் அரசரடிப் பக்கம் டீ குடிக்கப் போகும்போது தமிழ்நாடு இறையியல் கல்லூரியைத் தாண்டிப் போவோம். 1969இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே பெண்களும் படிப்பதைப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க பாதிரியார் ஆக முடியுமாடா?" என்று ரூமில் ஒரு ராத்திரி முழுக்க வாக்குவாதம் நடந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை 1778இல் ஆரம்பிக்கிறது எனலாம். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த பிராமணக் கைம்பெண் ஒருவர், அந்த வருடம் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். 1780ஆம் வருடத்து சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் அவருடையது. அவர் முன்நின்று கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. ஊர் ஜனங்களுக்கு இன்றும் அது 'பாப்பாத்தி அம்மாள் கோயில்'. சபையைச் சேர்த்தவர் அவர். ஆனால் குருப்பட்டம் ஆண்களுக்கு மட்டும்தான்.

மதுரையிலும் அதே கதைதான். அமெரிக்க மிஷன் 1834இல் இங்கே வந்தது. ஆண் ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளி 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி, பின்னர் பசுமலைக்கு மாறியது. பெண் ஊழியர்களுக்கென்று ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் மதுரையில் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தது 1892இல். நடுவில் சரியாக 50 வருடம்! பிற்பாடு லூசி பெரி நோபிள் பெயரில் இரட்சணியபுரத்தில் வளர்ந்தது அந்தப் பள்ளிதான்.

அங்கே பயின்றவர்களை ஜனங்கள் 'பைபிள் உமன்' என்றார்கள். அந்நிய ஆண் நுழைய முடியாத வீடுகளின் அடுப்படி வரைக்கும் போனவர்கள் இவர்கள். முதலில் எழுத்து சொல்லிக் கொடுப்பார்கள், பிறகு வேதக் கதை சொல்வார்கள். பிரசங்க மேடை கிடைக்காதவர்கள் செய்த பிரசங்கம் அது. பள்ளி வருவதற்கு முன்பே, 1880களில் மதுரையில் இவர்களை வழிநடத்திய சாரா கேப்ரன் அம்மையார், 1889இல் சிகாகோவில் மூடியின் வேதாகமப் பள்ளியில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். மதுரைத் தெருக்களில் கற்றது அங்கேயும் உதவியிருக்கும்தானே!

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் குருப்பட்டம் ஆண்களுக்கே. சபையில் பெண்கள் பேசலாகாது என்பதற்குப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தை ஒரு சாரார் காட்டுவார்கள். அதே பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பெபேயாளை சபை ஊழியக்காரி என்று பரிந்துரைப்பதை மறு சாரார் காட்டுவார்கள். வாதம் நீண்டது, ஆனாலும் கதவு திறந்தது. 1980களில் குருப்பட்டம் பெற்ற புஷ்பலலிதா, 2013 செப்டம்பர் 30 அன்று ஆந்திராவின் நந்தியாலில் பேராயராக அபிஷேகம் பெற்றார். இந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். இங்கிலாந்துத் திருச்சபையிலோ பெண்கள் குருவானது 1994இல், பேராயரானது 2015இல். இந்த விஷயத்தில் நாம்தான் சீனியர்! கத்தோலிக்க சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் இன்றும் இல்லை.

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. ஆனால் எங்க அப்பத்தா சொல்லும்: "எங்காத்தாவுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது ஒரு பைபிளம்மாதான். அந்த எழுத்தை வச்சுத்தான் அவுக ராமாயணம் படிச்சாக." அந்த அம்மா பேர் என்ன என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? டீச்சரம்மான்னுதான் கூப்புடுவாகளாம்."

எங்கள் குடும்பத்துக்கே எழுத்து தந்தவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அமெரிக்க அம்மையார்களின் பெயர்கள் கட்டடங்களில் நிற்கின்றன. வெயிலில் வீடு வீடாக நடந்த நம்ம ஊர்ப் பெண்களின் பெயரை நான் பார்த்த எந்தப் பலகையிலும் காணோம்.

ஆகவே தம்பி தங்கைகளே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்ற பெண் யார், அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று பாட்டியிடம் கேளுங்கள். பெயர் கிடைத்தால் எழுதி வையுங்கள். அடுத்த மலரில் ஒரு பக்கம் அந்தப் பெயர்களுக்காக ஒதுக்கலாம். என்னைப்போல் கேட்கத் தாமதித்து விடாதீர்கள்.