துளைக்குள்ள டார்ச் அடிங்க

செஞ்சி பக்கம் தொண்டூர்ல எங்க தாத்தா வீட்டைப் பிரிச்சப்போ, வாசல் நிலையை விறகுக்குப் போட்டுடலாம்னு பேச்சு வந்துச்சு. மரத்தைப் பார்க்க வந்த ஆசாரி, சட்டத்தோட நாக்கு உட்கார்ந்திருந்த துளைக்குள்ள டார்ச் அடிச்சுட்டு, "தம்பி, இது உளியால மட்டுமே எடுத்தது"ன்னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். அவர் சொன்னதுல தொடங்குறதுதான் இந்த எபிசோட்.

மரத்தில் நீள்சதுரத் துளை எடுக்க ரெண்டு வழி இருக்கு. கொட்டாப்புளியால் உளியை அடித்து முழுசா வெட்டலாம். இல்லன்னா வரிசையா வட்டத் துளைகள் போட்டு, மிச்சத்தை உளியால் செதுக்கலாம். மறுபக்கம் வரைக்கும் போகாத துளைன்னா, ரெண்டாவது வழியில் அடியில் வட்டத் தடம் தங்கிடும். அது பிட்டுக்குப் பிட்டு மாறும்.

பழைய கரண்டி வடிவ பிட், கிண்ணம் மாதிரி குழி விடும். அமெரிக்காவில் ரசல் ஜென்னிங்ஸ் 1855இல் காப்புரிமை பெற்ற ஆகர் பிட்டுக்கு முனையில் திருகு உண்டு. அதனால நடுவில் இன்னொரு சின்னக் குழி விழும். பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874இல் காப்புரிமை பெற்ற பிட், வெளி விளிம்பைப் பிடிச்சு இறங்கும். அதனால அடி கிட்டத்தட்ட தட்டையா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபோர்ஸ்ட்னர் தடம் இருந்தா, வேலை 1874க்கு முந்தியது இல்லைன்னு சொல்லலாம். வெறும் உளித்தடம் இருந்தா வயசு சொல்ல முடியாது. இன்னைக்கும் உளியால் வெட்டுறவங்க இருக்காங்களே! எங்க நிலைக்கும் தேதி கிடைக்கல.

அப்புறம் எதுக்கு அதைக் காப்பாத்தணும்? செஞ்சியிலிருந்து ரொம்ப தூரமில்லாத மண்டகப்பட்டுக்குப் போய்ப் பாருங்க. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் எடுத்ததா, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே கல்வெட்டு வெச்சிருக்கார். அது பெருமைன்னா, அதுக்கு முன்னாடி கோயில்னா மரமும் செங்கலும்தான்னு அர்த்தம். அந்த மரக் கோயில் ஒண்ணுகூட இங்கே மிஞ்சல. தொண்டூர் பாறையில் சமணத் துறவிகளுக்குப் படுக்கை செய்த மோசியின் பெயர், தமிழ் பிராமியில் இன்னும் இருக்கு. மரம் வெட்டியவங்க பெயர் ஒண்ணும் இல்லை. அவங்க விட்டுப்போனது துளைக்குள்ள இருக்குற உளித்தடம் மட்டும்தான்.

நிலையை விறகுக்குக் கொடுக்கல. உங்க வீட்டுப் பழைய நிலையைப் பிரிச்சா, முதல்ல துளைக்குள்ள டார்ச் அடிங்க. ஒரு போட்டோவும் எடுத்து வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.