கறுப்பு அங்கிக்கு எத்தனை வாசல்?

பொறியியல் படித்தவனுக்குச் சட்டப் படிப்பின் சரித்திரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளில் யாராவது ஒருவர், "அண்ணா, பி.இ. முடிச்சிட்டு லா படிக்கலாமா? நாலு வருஷம் வீணாப் போச்சுன்னு ஆயிடாதா?" என்று கேட்கிறார். பிள்ளை ப்ளஸ் டூவில் இருக்கிற சீனியர்களோ, "அஞ்சு வருஷப் படிப்பா, டிகிரிக்கு அப்புறம் மூணு வருஷமா, எதுப்பா நல்லது?" என்கிறார்கள்.

நான் கட்டுமான ஒப்பந்தங்களோடு மல்லுக்கட்டுகிற சிவில் ஆள். தகராறு வந்தால் வக்கீல் வீட்டுப் படி ஏறி இறங்குகிற பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது: எந்த வாசல் வழியாகப் போவது என்ற இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு வாசலை ராஜ வாசல் என்றார்கள். மற்றதைக் கொல்லைப்புற வாசல் என்றார்கள். அந்தப் பேச்சு நிலைத்ததா என்று பார்ப்போம்.

மூன்று வாசல்கள் இருந்த காலம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் பிறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் அமைந்தது. அந்த நாளில் வழக்காடுகிறவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. உச்சியில் பாரிஸ்டர்கள். லண்டனில் 'இன்ஸ் ஆஃப் கோர்ட்' எனப்படும் நான்கு சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து வந்தவர்கள். அடுத்தபடி உயர் நீதிமன்ற வக்கீல்கள். இங்கேயே பி.எல். பட்டம் வாங்கி, ஒரு சீனியரிடம் தொழில் பழகி வந்தவர்கள். அதற்கும் கீழே பிளீடர்கள். பட்டம் இல்லாமல் பிளீடர் தேர்வு மட்டும் எழுதி, சன்னத்து வாங்கி, கீழ்க் கோர்ட்டுகளில் வாதாடியவர்கள்.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவு நெடுநாள் பாரிஸ்டர்களின் கோட்டையாக இருந்தது. சென்னையில் அந்தக் கதவு வக்கீல்களுக்கு முன்கூட்டியே திறந்தது. அதனால்தான் இங்கே 'பி.எல்.' என்ற இரண்டு எழுத்துக்கு அவ்வளவு மரியாதை. வடக்கே எல்.எல்.பி. என்று எழுதினாலும், நம் ஊர்ப் பெரியவர்களின் பெயர்ப் பலகையில் இன்றைக்கும் பி.எல். தான்.

மூன்று வாசலிலும் நுழைந்த மூன்று பேரைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

முதலாமவர் சர் டி. முத்துசாமி ஐயர். 1832-இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்குக்கு உதவியாளாக இருந்தார். பிறகு படித்து, அரசு வேலையில் சேர்ந்து, முன்சீப்பாகி, வேலையில் இருந்துகொண்டேதான் பி.எல். தேறினார். அப்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவர்தான். அவருடைய சிலை அந்தக் கட்டடத்துக்குள் இன்றும் இருக்கிறது. "முப்பது தாண்டிடுச்சு, இனிமே என்ன சட்டம்?" என்கிற நம் ஆட்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இரண்டாமவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. பி.எல்.லும் இல்லை, பாரிஸ்டரும் இல்லை. திருச்சியில் படித்துப் பிளீடர் தேர்வு தேறி, 1895 வாக்கில் ஓட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். 1900-இல் தூத்துக்குடிக்கு மாறினார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908-இல் சிறை. தண்டனையோடு சன்னத்தும் போயிற்று. விடுதலையான பிறகு வறுமை. கடைசியில் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னத்து திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்த்து நின்றவர், ஒரு வெள்ளைக்காரரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார் என்றால், அந்த ஒரு காகிதம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும்! பிழைப்பும் மானமும் அதில்தானே இருந்தன.

மூன்றாமவர் காந்தியடிகள். 1887-இல் மெட்ரிகுலேஷன் தேறி, பவநகர் கல்லூரியில் ஒரு பருவம் படித்துத் தடுமாறிக்கொண்டிருந்தார். குடும்ப நண்பர் மாவ்ஜி தவே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இங்கே பி.ஏ. படிக்க நாலைந்து வருஷம். முடித்தால் அறுபது ரூபாய் உத்தியோகம். அதன்மேல் சட்டம் படித்தால் இன்னும் வருஷங்கள். லண்டன் போனால் மூன்று வருஷத்தில் பாரிஸ்டர். செலவு நாலைந்தாயிரம் ரூபாய். காந்திக்கு உள்ளூர மருத்துவம் படிக்க ஆசை. வீட்டில் ஒப்பவில்லை. ஆக, 1888-இல் கப்பலேறினார். 1891 ஜூனில் பாரிஸ்டர் ஆனார்.

இன்று ஒவ்வொரு நடுத்தர வீட்டிலும் சாப்பாட்டு மேஜையில் போடுகிற கணக்கும் இதேதானே? எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, முடித்தால் என்ன சம்பளம். அதில் ஒரு வரி விட்டுப்போனது. ஊர் திரும்பிய பிறகுதான், இந்துச் சட்டமோ முகமதியச் சட்டமோ தாம் படிக்கவே இல்லை, வழக்கு நடத்தவும் பழகவில்லை என்று காந்தியே உணர்ந்தார். சீக்கிர வழிதான். ஆனால் அந்த வழியில் கிடைக்காததைப் பிறகு தனியாகத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

கல்லூரி வந்தது, எல்லாருக்கும் வரவில்லை

மாநிலக் கல்லூரியோடு ஒட்டிக்கொண்டிருந்த சட்ட வகுப்பு, 1891-இல் சென்னைச் சட்டக் கல்லூரி என்று தனியே வந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த இந்தோ-சாரசெனிக் கட்டடம் அந்த நூற்றாண்டின் முடிவில் தயாரானது. பட்டதாரிகள் எஃப்.எல்., பி.எல். என்று இரண்டு கட்டமாகத் தேர்வு எழுதினார்கள்.

ஆனால் கட்டடத்தின் அழகைப் பார்த்துவிட்டு யாருக்குக் கதவு மூடியிருந்தது என்பதை மறக்கக் கூடாது. கார்னீலியா சோராப்ஜி 1892-இலேயே ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பட்டத்தைக் கையில் கொடுக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முப்பது வருஷம் ஆயிற்று. ரெஜினா குஹா சட்டம் படித்துப் பதிவு கேட்டபோது, பெண் என்ற ஒரே காரணத்தால் 1916-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1923-இல் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் நாடு முழுவதும் அந்தத் தடை நீங்கியது. பக்கத்துத் திருவிதாங்கூரில் சட்டப் பட்டம் பெற்ற அன்னா சாண்டி, 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண்மணி அவர்.

நாம் "எந்த வழி நல்லது?" என்று கேட்கிறோம். அவர்கள் "ஏதாவது ஒரு வழி உண்டா?" என்று கேட்டார்கள்.

1961: ஒரே பட்டியல்

என் கட்டுரையின் நடுத்தூண் இதுதான். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம், வக்கீல், பிளீடர், பாரிஸ்டர் என்ற பேதத்தை எடுத்துவிட்டது. இனித் தொழில் செய்யும் உரிமை 'அட்வகேட்' என்ற ஒரே வகுப்புக்குத்தான் என்றது. மாநிலத்துக்கு ஒரு பார் கவுன்சில். அதில் ஒரே பட்டியல். சட்டக் கல்வியின் தரத்தைக் கவனிக்கும் பொறுப்பு இந்திய பார் கவுன்சிலுக்கு வந்தது.

அடுத்து வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக இருந்த சட்டப் படிப்பு 1967 முதல் பட்டத்துக்குப் பிறகு மூன்று வருஷமானது. 1980-களில் ப்ளஸ் டூ முடித்ததும் நேரே சேரும் ஐந்து வருஷப் படிப்பு வந்தது. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளிக்கு 1986-இல் சட்டம் இயற்றினார்கள். 1988-இல் முதல் அணி சேர்ந்தது. என்.ஆர். மாதவ மேனன்தான் அதன் முதல் இயக்குநர். அதைப் பார்த்துப் பல மாநிலங்களில் தேசியப் பள்ளிகள் முளைத்தன. 2008 முதல் அவற்றுக்கு 'கிளாட்' என்ற பொது நுழைவுத் தேர்வு. திருச்சியிலும் ஒன்று 2013-இல் வகுப்புத் தொடங்கியது. இதற்கிடையே, 1997-இல் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வந்து, தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகள் எல்லாம் அதன்கீழ் சேர்ந்தன. பழைய சென்னைக் கல்லூரி 2018-இல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது.

ஐந்து வருஷம் வந்ததும், மூன்று வருஷப் படிப்பைக் கொல்லைப்புற வாசல் என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். அதை நிறுத்திவிடலாம் என்றும் பேச்சு. நிற்கவில்லை. எதிர்ப்பக்கம், ப்ளஸ் டூவுக்குப் பிறகே மூன்று வருஷத்தில் முடிக்க அனுமதி வேண்டும் என்று ஒரு மனு. அதை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, இரண்டு வாசலும் திறந்தே இருக்கின்றன.

நம் பிள்ளைகளுக்கான கணக்கு

ப்ளஸ் டூ முடித்து நேரே போனால் ஐந்து வருஷம். பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. முடித்துப் போனால் ஆறு. பி.இ. முடித்துப் போனால் ஏழு. இந்த இரண்டு வருஷ வித்தியாசத்துக்காகத்தான் நம் தம்பிகள் இவ்வளவு கலங்குகிறார்கள்.

அந்த நான்கு வருஷம் வீண் இல்லை என்பதற்கு நல்ல அத்தாட்சி காரக்பூர் ஐ.ஐ.டி. அங்கே 2006-இல் அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பள்ளி தொடங்கியபோது, பொறியியல், அறிவியல் படித்தவர்களை மனத்தில் வைத்தே மூன்று வருஷச் சட்டப் படிப்பை அமைத்தார்கள். காப்புரிமை முகவர் தேர்வு எழுதவும் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். சட்டப் பட்டம் கட்டாயமில்லை. கட்டுமானத் தகராறு, மின்சாரக் கட்டணம், மென்பொருள் ஒப்பந்தம் எதுவானாலும், வரைபடத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்கிற வக்கீல் கிடைத்தால் கட்சிக்காரருக்குப் பாதிப் பாரம் குறையும். கட்சிக்காரனாக உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பணம்? தேசியப் பள்ளிகளில் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஆகும். அரசுச் சட்டக் கல்லூரியில் அதில் சிறு பங்குதான். கிளாட் தேர்வுக்குப் பட்டணத்துப் பிள்ளைகள் கோச்சிங் போகிறார்கள். நம் பல்கலைக்கழகமோ ப்ளஸ் டூ அல்லது பட்டப் படிப்பு மதிப்பெண்ணை வைத்துச் சேர்த்து வந்திருக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்கு இது பெரிய சகாயம். கடைசி வாசற்படிக்கும் ஒரு விலை இருந்தது: பதிவுக் கட்டணம் என்று பல மாநிலங்களில் பல்லாயிரம் வாங்கினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

சில எச்சரிக்கைகள். 2008-ஆம் ஆண்டு பார் கவுன்சில் விதிகள்படி தபாலில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாக முடியாது. நேரில் வகுப்புக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். "வேலையையும் விடமாட்டேன், லாவும் படிப்பேன்" என்கிறவர்கள் சேருவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய இடம் இது. ப்ளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே வாங்கிய பட்டத்தையும் அந்த விதிகள் ஏற்கவில்லை. படித்து முடித்தாலும் அகில இந்திய பார் தேர்வு உண்டு. 2011-இல் முதல் தேர்வு நடந்தது. சிவில் நீதிபதி ஆக விரும்புவோருக்கு மூன்று வருஷத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷங்களையும் கணக்கில் சேருங்கள். வயது வரம்பு, மதிப்பெண் இதற்கெல்லாம் அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பாருங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

பதினேழு வயதிலேயே கோர்ட்தான் என்று மனம் ஒன்றிவிட்ட பிள்ளைக்கு ஐந்து வருஷ வழி அருமையானது. அந்த வயதில் தெரியாமல், இயந்திரத்தையும் சிமெண்டையும் படித்த பிறகு சட்டத்தின் பக்கம் மனம் திரும்பியவர்களுக்கு மூன்று வருஷ வழி இருக்கிறது. வீட்டில் அந்த மூன்று வருஷம் அடுப்பெரிய வழி உண்டா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சீனியரிடம் ஜூனியராகப் போகும் ஆரம்ப வருஷங்களிலும் வருமானம் குறைவுதான். பெருமை பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் பதிவு செய்த வழக்கறிஞரின் எண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? எம்.எஸ். என்ற இரண்டு எழுத்து, ஒரு எண், பதிவு செய்த ஆண்டு. அவ்வளவுதான். ஐந்து வருஷமா, மூன்று வருஷமா, தேசியப் பள்ளியா, அரசுக் கல்லூரியா என்பதற்கு அதில் இடமே கிடையாது.