உல்லம்: லேக் மார்க்கெட்டில் நாம் பெயர் மறந்த மீன்

தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் காப்பித்தூள், வாழையிலை, மல்லிகைச் சரம், கோமளவிலாஸ் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதே சந்தையின் மீன் பகுதி தமிழாய்வாளர்களின் பார்வைக்கு அதிகம் வருவதில்லை. அது வங்காளிகளின் உலகம், அதில் தமிழருக்கு என்ன தொடர்பு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அங்கு விற்கப்படும் இரண்டு மீன்களின் பெயர்களைப் பின்தொடர்ந்தால் அவ்வெண்ணம் நிலைக்காது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலாவது மீனை வங்காளிகள் குர்ஜாலி என்பர். தமிழகக் கடற்கரையில் அது காலா, மராத்தியில் ராவஸ். ஆங்கிலத்திலோ அதற்கு 'இந்தியன் சால்மன்' என்று பெயர். இம்மீனுக்கும் சால்மனுக்கும் குல உறவு எதுவும் இல்லை. மார்புத் துடுப்பின் கீழே நான்கு நூலிழைகள் தொங்கும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது இது. காலனிய காலத்து ஆங்கிலேயர் தம் நாட்டில் உண்டு பழகிய மீன்களின் பெயர்களை இங்குள்ளவற்றுக்குச் சூட்டினர். சுவையும் தோற்றமும் ஓரளவு ஒத்திருந்தால் அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. உண்மையான சால்மன் குடும்பத்து மீன்கள் தென்னிந்திய நீர்நிலைகளில் இயற்கையாக இல்லை. நீலகிரி ஓடைகளில் உள்ள டிரௌட் மீன்கள் மனிதர் கொண்டுவந்து விட்டவை. சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே 1863இல் அதற்கு முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் மேற்கொண்ட பணியும் அவலாஞ்சியில் அமைந்த குஞ்சுபொரிப்பகமுமே அம்மீனை அங்கு நிலைபெறச் செய்தன. அந்த முயற்சியின் நோக்கம் மலைவாச ஆங்கிலேயரின் தூண்டில் விளையாட்டு.

இரண்டாவது மீன் இலிஷ். முகத்தைப் பார்க்காமல் வாழ்க்கை முறையைப் பார்த்துப் பெயரிட்டிருந்தால், சால்மன் என்ற பெயருக்கு உரியது இதுவே. சால்மனைப் போல இலிஷும் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிரேறுவது. வேறுபாடுகளும் உண்டு. இலிஷ் மத்தி, சாளை வகைகளுக்கு உறவானது. பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டபின் இறந்துவிடும். இலிஷ் பிழைத்துக் கடலுக்குத் திரும்பி மீண்டும் வரவல்லது. சால்மன் முட்டைகள் ஓடையின் கூழாங்கற்களுக்கு அடியில் பல வாரங்கள், சிலவேளை மாதக்கணக்கில் கிடக்கின்றன. இலிஷின் முட்டைகள் ஓடும் நீரிலேயே மிதந்து ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடுகின்றன. ஆயினும் அடிப்படை ஒன்றே. ஆறு கடலோடு தடையின்றித் தொடர்ந்திருந்தால்தான் இம்மீன்கள் வாழும்.

பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் குறித்த நூலில் இம்மீனுக்கு 'இலிஷா' என்ற வங்கப் பெயரையே அறிவியல் பெயராக்கினார். அதற்கு முன்பே, 1803இல், பாட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றிய தம் நூலில் இதனைப் 'பலாசா' என்ற தெலுங்குப் பெயரால் பதிவு செய்திருந்தார். கோதாவரிக் கரையினர் இன்றும் கடலில் பிடிபடுவதை இலச என்றும், ஆற்றில் ஏறிவந்ததைப் புலச என்றும் பிரித்தே அழைக்கின்றனர். தாலியை விற்றாவது புலச உண்ண வேண்டும் என்பது அவர்கள் பழமொழி. சிந்து நதியில் இதன் பெயர் பல்லா. சிந்திகள் வழிபடும் ஜூலேலால் பல்லா மீனின் மேல் அமர்ந்தவராகவே சித்திரிக்கப்படுகிறார். தமிழில் இதற்கு உல்லம் என்று பெயர். உள்ளம் என்றும் வழங்குவர்.

தமிழில் பெயர் இருப்பதற்குக் காரணம் உண்டு. காவிரியின் வெள்ள வடிகாலான கொள்ளிடத்தில் உல்லம் ஆண்டுதோறும் ஏறிவந்தது. 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. தஞ்சைப் பாசனம் மீட்சி பெற்றது. வீராணம் ஏரிக்கு நீர் உறுதியாயிற்று. பாசன வரலாறு இதனைச் சரியாகவே சாதனையாக எழுதியிருக்கிறது. ஆனால் கடலிலிருந்து வரும் மீனுக்கு அணைக்கரை ஒரு சுவர். தாண்ட முடியாமல் சுவரடியில் திரண்ட மீன்களைப் பிடிப்பது எளிதாயிற்று. முதலில் வளம் பெருகியதுபோல் தோன்றியது. முட்டையிடும் முன்பே பிடிபடும் கூட்டம் அடுத்த தலைமுறையைத் தராது என்பது பிறகே விளங்கிற்று. 1873இல் இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் குறித்து டே அளித்த அறிக்கை, அணைகளும் கண்ணி சிறுத்த வலைகளும் மீன்வளத்தைக் குலைப்பதை முன்வைத்தது.

1909இல், நீலகிரியில் டிரௌட் வளர்த்த அதே வில்சன் கொள்ளிடத்தில் உல்லத்தைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றார். சால்மனுக்குக் கைகொடுத்த முறை இங்கு எளிதாகக் கைகூடவில்லை. வலையில் பட்டவுடன் இறந்துவிடும் மீன் இது. முதிர்ந்த ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் உயிரோடு கிடைத்தாக வேண்டும். பின்னாளில் சென்னை மீன்வளத் துறையின் இயக்குநரான பி. சுந்தரராஜ், உல்லத்தின் இயல்புகளையும் கொள்ளிடத்தில் நடந்த செயற்கை இனப்பெருக்க முயற்சிகளையும் பற்றி எழுதிய ஆய்வுரை 1917இல் வெளிவந்தது. அது வெளிவந்த இடம் கொல்கத்தாவின் ஆசியக் கழக இதழ். அணைக்கரையின் மீனைப் பற்றிய ஆய்வு, லேக் மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பார்க் தெருவில் பதிவாகியிருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. மீனை ஆற்றுக்குள் அழைக்கும் புதுவெள்ளம் அதன்பின் நீர்த்தேக்கத்தில் தங்கலாயிற்று. கொள்ளிடத்து உல்லம் மெல்ல மெல்லப் பழங்கதையானது.

இது தமிழகத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கட்டு 1852இல் முடிந்தது. சிந்துவில் சுக்கூர் அணை 1932இலும் கோட்ரி அணை 1955இலும் எழுந்தன. கங்கையில் இறுதியாக 1975இல் பராக்கா அணை செயற்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் அலகாபாத்தையும் கடந்து ஏறிய இலிஷ், பின்னர் அணைக்குக் கீழேயே பெரிதும் தங்கிவிட்டது. பராக்கா கட்டப்பட்டது பாசனத்துக்காக அன்று. ஹூக்ளியில் படியும் வண்டலை அடித்துச் சென்று கொல்கத்தாத் துறைமுகத்தைக் காப்பதற்காக. ஒரு நகரம் தன் துறைமுகத்தைக் காத்துக்கொள்ள, மேல்கங்கை மக்களின் மீன் விலையாகக் கொடுக்கப்பட்டது.

எனில், வங்கத்தில் மட்டும் இம்மீன் பண்பாட்டின் நடுவில் நிற்பது ஏன்? பத்மா, மேக்னா கழிமுகங்கள் திறந்திருப்பது ஒரு காரணம். வழக்காறுகள் மற்றொரு காரணம். கிழக்கு வங்கக் குடும்பங்கள் பலவற்றில் சரஸ்வதி பூஜையன்று இணை இலிஷ் வாங்கி வருவது மரபு. சில குடும்பங்கள் விஜயதசமியிலிருந்து அந்நாள் வரை இம்மீனைத் தொடுவதில்லை. குஞ்சுகள் வளர்ந்து கடல் திரும்பும் காலத்தோடு இந்த இடைவெளி பெரிதும் பொருந்துகிறது. இன்று வங்கதேச அரசு அக்டோபரில் 22 நாள் தடை விதிப்பதும், குளிர்காலத்தில் இளமீன் பிடிப்பதைத் தடுப்பதும் அதே அறிவின் சட்ட வடிவம் எனலாம். கால்பந்தில் ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ், மோகன் பகான் வென்றால் இறால் என்று கொல்கத்தா கொண்டாடுகிறது. மாணிக் பந்தோபாத்யாய் 1936இல் வெளியிட்ட 'பத்மா நதிர் மாஜி' நாவலின் மாந்தர் இலிஷ் பிடிக்கும் ஏழை மீனவர்கள். மீன் அங்கே அடுக்களையில் மட்டுமன்றி இலக்கியத்திலும் உரிமை கோருகிறது.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரப் பழங்குடிகளிடம் ஆண்டின் முதல் சால்மனுக்குச் சடங்கு செய்து, அதன் எலும்புகளை ஆற்றுக்கே திருப்பித் தரும் வழக்கம் உண்டு. கிராண்ட் கூலி அணையால் கெட்டில் அருவி மூழ்கவிருந்த 1940இல், பழங்குடியினர் பலர் அங்குக் கூடித் தம் மீன்துறைக்குக் கண்ணீரோடு விடைகொடுத்தனர். அவர்களிடம் 1855 காலத்து உடன்படிக்கைகள் எழுத்தில் இருந்தன. அவற்றை வைத்து வாதிட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை தமக்குரியது என்ற தீர்ப்பை 1974இல் பெற்றனர். எல்வா ஆற்றின் இரு அணைகளும் 2011 முதல் 2014 வரை அகற்றப்பட்டபின் சால்மன் திரும்பி ஏறியது. இழப்பை நினைவில் வைத்திருந்த சமூகமே இழந்ததைக் கோரவும் முடிந்தது.

கொள்ளிடக் கரையில் அத்தகைய விடைகொடுப்பு எதுவும் நம் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. காவிரியைப் பற்றி நாம் ஏக்கரிலும் டி.எம்.சி.யிலும் பேசுகிறோம். உழவர் அந்த வரலாற்றில் இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார், நீதிமன்றமும் இருக்கிறது. ஆற்றில் வலைவீசி வாழ்ந்த செம்படவர் அதில் இல்லை. அணைகள் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். டெல்டாவின் சோற்றை மறுப்பது எவருக்கும் இயலாது. ஆனால் அந்தச் சோற்றுக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று கணக்கெழுதாத வரலாறு பாதி வரலாறே.

லேக் மார்க்கெட்டுக்கு இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. கொல்கத்தா நகர மேம்பாட்டு டிரஸ்ட் 1920களில் தோண்டிய ஏரிகளை, இன்றைய ரவீந்திர சரோபரை, அடுத்து உருவான இப்பகுதிக்கு அக்காலம் முதல் தமிழர் வந்தனர். எழுத்தர், சுருக்கெழுத்தர், கணக்கர் பணிகளுக்கு வந்த அவர்களில் தஞ்சைப் பகுதியினரும் உண்டு. ஆங்கிலக் கல்வி பெற்றுப் புறப்பட்டோரில் மரக்கறி உண்ணும் குடும்பங்களே மிகுதி. உல்லத்தின் பெயரை அறிந்த ஆற்று மீனவருக்கு அந்த ரயிலில் இடமில்லை. ஆகவே காவிரிக்கரைத் தமிழர் ஹூக்ளிக் கரையில் வந்து இலிஷை முதன்முறையாகக் கண்டபோது, அது பிறருடைய மீனாகத் தோன்றியது. குடிபெயர்வில் ஒரு சமூகத்தின் சொற்கள் முழுவதும் பயணம் செய்வதில்லை. பயணச்சீட்டு வாங்க இயன்றவர்களின் சொற்களே பயணம் செய்கின்றன.

இத்துறையில் நுழைய விரும்பும் மாணவர்களுக்கு மூன்று வழிகளைச் சுட்டலாம். ஒன்று, கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் என்னும் மீன்வரி முதல், பிற்கால மீன்பாசிக் குத்தகை வரையிலான ஆவணங்களை ஆறு வாரியாகத் தொகுப்பது. இரண்டு, வெள்ளம் வரும்போது மீன் பெயர்களை அடுக்கிச் சொல்லும் பள்ளு நூல்களில், கடலிலிருந்து ஏறும் மீன்களைத் தனியே பிரித்து ஆராய்வது. மூன்று, அணைக்கரை முதல் கொள்ளிட முகத்துவாரம் வரையுள்ள முதிய மீனவரிடம் உல்லம் பற்றிய நினைவுகளைப் பதிவு செய்வது. முதல் இரண்டும் நூலகத்தில் காத்திருக்கும். மூன்றாவது காத்திருக்காது. மேட்டூர் அணைக்கு முன் பிறந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயது கடந்துவிட்டது.