இறுதிக்காலப் பராமரிப்பில் செவிலியரின் மனச்சுமையும் மேற்பார்வையும்: இங்கிலாந்து, 1960–1993

இறப்பை அன்றாடம் அருகிருந்து காணும் செவிலியரின் துயரை யார் ஏற்பது என்னும் வினாவை இங்கிலாந்து மருத்துவமனைகள் நெடுங்காலம் தவிர்த்தே வந்தன. அத்தவிர்ப்பு தற்செயலானதன்று என்பதை உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. செவிலியர் பயிற்சியும் நடைபெற்ற இலண்டன் பொது மருத்துவமனை ஒன்றை அவர் ஆராய்ந்தார். அங்கு ஒரு செவிலியர் ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிப்பதில்லை. பலருக்கும் சிற்சில பணிகளை மட்டுமே செய்வார். நோயாளி பெயரால் அன்றிப் படுக்கை எண்ணாலோ நோயுற்ற உறுப்பாலோ சுட்டப்பட்டார். மாணவச் செவிலியர் அடிக்கடி வார்டு மாற்றப்பட்டனர். பற்று உண்டாகாமல் காக்கும் அரண்களாகவே இவற்றை மென்சீஸ் கண்டார். கலங்கியவருக்கு மூத்தோரிடம் கிடைத்தது கண்டிப்பே. அவர்கள் பரிவற்றவர் அல்லர், வேறு வழி அறியாதவர். மாணவியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்கவில்லை. விலகியோருள் திறன்மிக்கோர் கணிசமாக இருந்தனர் என்பது கூடுதல் கவனத்திற்குரியது.

1967இல் தென் இலண்டனின் சிடன்ஹாமில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் இவ்வரணைக் கைவிட்டது. சாண்டர்ஸ் செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னரே மருத்துவரானவர். உடல், உளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் கூடியதே இறப்போரின் வலி என்றார். ஆகவே படுக்கையருகே அமர்ந்து செவிமடுப்பதும் செவிலியர் கடமையாயிற்று. நோயாளிக்கு இது பெரும்பேறு. செவிலியருக்கோ துயர் இடைத்திரையின்றி வந்து சேர்ந்தது.

எனினும் இறப்பு மட்டுமே அவர்தம் சுமை எனக் கருதுதல் பிழை. இறப்போரையும் கடுநோயுற்றோரையும் பராமரிப்பவர்களைக் கனடாவின் மேரி வாஷன் ஆராய்ந்தார். 1987இல் வெளிவந்த அவரது நூல், பணிச்சூழலும் உடன்பணியாளர் உறவும் நோயாளிகளைவிட மிகுதியான அழுத்தம் தருவதாகக் கண்டது. பேம் ஸ்மித் 1992இல் வெளியிட்ட ஆய்வு ஹாஸ்பிஸைப் பற்றியதன்று. ஆயினும் இங்குப் பொருந்தும். ஆர்லி ஹாக்சைல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களை முன்வைத்து விளக்கிய 'உணர்வுழைப்பு' என்னும் கருத்தை அவர் வார்டுக்குக் கொணர்ந்தார். வார்டின் உணர்வுநிலையை வகுப்பவர் அதன் பொறுப்பாளரான 'சிஸ்டர்' என்பதும், அவர் பரிவு காட்டிய இடத்தில் மாணவியரும் நோயாளியிடம் பரிவு காட்ட இயன்றது என்பதும் அவர் கண்டவை.

1993இல் பிரித்தானிய சுகாதாரத் துறை செவிலியர்க்குத் தொழில்சார் மேற்பார்வையைப் பரிந்துரைத்தது. அதன் வரையறை ஆதரவு, கற்றல், திறன், பொறுப்பு, நோயாளியின் பாதுகாப்பு ஆகியவற்றைக் கூறிற்று. துயரம் என்னும் சொல் அதில் இடம்பெறவில்லை.