டேட்டா லாகர்: வெடிமருந்துள்ள இடங்களில்

சென்சார் அனுப்பும் மின் அளவை வாங்கி, நேரத்தோடு பதிந்துவைக்கும் கருவி டேட்டா லாகர். வானிலை நிலையத்தில் ஒயரின் நுனியைச் சீவி முனையில் முடுக்கினால் வேலை முடிந்தது. வெடிமருந்துள்ள இடத்தில் அந்த ஒயரே ஆபத்து.

உலகம் இதை உணர்ந்தது நிலக்கரிச் சுரங்கங்களில். 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸில் செங்கெனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். காரணம் உறுதியாகவில்லை, சந்தேகம் விழுந்தவற்றில் ஒன்று, பாட்டரியில் ஓடிய சைகை மணியின் ஒயர். அத்தகைய ஒயரில் எழும் சிறு பொறியே சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயுவைப் பற்றவைக்கும் என்று ஆய்வுகள் காட்டின. ஒயரில் ஓடும் ஆற்றலையே பற்றவைக்க முடியாத அளவுக்குக் குறைக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது.

1950களின் இறுதியில், செனர் டயோடுகளும் ஃபியூஸும் அடங்கிய செனர் தடுப்பு வந்தது. சென்சார் ஆபத்தான பக்கம், லாகர் பாதுகாப்பான அறையில், நடுவே தடுப்பு. பரவலாகப் புழங்கும் வகை 28 வோல்ட், 93 மில்லி ஆம்பியருக்கு மேல் உள்ளே விடாது. மிகை மின்சாரம் வந்தால் டயோடுகள் அதை எர்த்துக்குத் திருப்ப, ஃபியூஸ் போய்விடும். எர்த் சரியில்லை என்றால் தடுப்பு இருந்தும் பயனில்லை.

வெடிமருந்துள்ள இடம் என்றால் நம் பக்கம் பட்டாசு ஆலை. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேன்சி ரகத்துக்கான மருந்தில் ஏற்பட்ட உராய்வே காரணம் எனச் செய்திகள் கூறின.

பட்டாசு ஆலையில் அளக்க வேண்டியவை வெப்பமும் ஈரப்பதமும். அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவை ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். போரிக் அமிலம் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான். மெல்ல ஏறும் அந்தச் சூட்டை லாகர் பிடித்துவிடும். உராய்வை அது பிடிக்காது: நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவிக்கு நொடிக்குள் முடியும் சங்கதி தெரிய வழியில்லை. தவிர, வெடிக்கும் வாயுவும் தூசும் உள்ள இடங்களின் மின்கருவிகளுக்கு எழுதிய பன்னாட்டுத் தர விதிகள் வெடிமருந்து தயாரிக்கும் இடங்களை விலக்கியே வைத்திருக்கின்றன. ஆகவே கலவை அறைக்குள் மின்சாரமே போகாமலிருப்பதுதான் இன்றும் நம்பகமான வழி.

பட்டாசில் லாகருக்கு இன்னொரு வேலை சத்தத்தைப் பதிவது; சத்தத்துக்குச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. 1999-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் உச்ச அளவு 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான கான்கிரீட் தளத்தில் வெடித்து அளக்க வேண்டும். வெடிச்சத்தம் உச்சத்தில் நிற்பது மில்லிநொடிக் கணக்கில்தான். நொடிக்கொருமுறை பதியும் லாகர் அதையும் கோட்டைவிடும். அதனால் மைக் பொருத்திய மீட்டரே உச்சத்தைப் பிடித்து நிறுத்திவைக்கிறது. லாகர் எழுதிக்கொள்வது அந்த எண்ணை. சரவெடிக்கு வரம்பு இன்னும் கீழே: 100 வெடி கோத்தால் 10 டெசிபல், 1000 கோத்தால் 15 டெசிபல் குறையும். ஆனால் 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டது.