கண்ணாடியில் எழுதிய பெயர்

நீரில் எழுதினால் அழியும், கல்லில் எழுதினால் நிற்கும் என்பார்கள் நம் பெரியவர்கள். அப்படியானால் கண்ணாடியில் எழுதினால்?

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே உரோமப் பேரரசில் எனியோன் என்னும் கண்ணாடித் தொழிலாளி இதற்கு விடை கண்டார். அச்சிலேயே தம் பெயரைச் செதுக்கினார். அச்சில் ஊதிய கிண்ணங்களில் அவர் பெயர் புடைத்து நின்றது.

நம்ம சிங்கப்பூருக்கு வருவோம். 1883ஆம் ஆண்டு ஜான் ஃபிரேசரும் டேவிட் நீவும் இங்கே சோடா நிறுவனம் தொடங்கினார்கள். இருவரும் அச்சகத் தொழிலில் இருந்தவர்கள். தாளில் எழுத்துப் பதித்தவர்களின் பெயர் பிறகு கண்ணாடியிலும் ஏறியது. காலிப் புட்டி திரும்பி வந்து மீண்டும் நிரம்பிய காலம் அது. பெயர் இல்லாவிட்டால், யாருடைய புட்டியில் யாருடைய சரக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சோடாப் புட்டி பெரியது. விரல் அளவுள்ள ஊசி மருந்துக் குப்பிக்கு என்ன செய்வது? ஒவ்வொரு குப்பிக்கும் தனித்தனி எண் வேண்டுமென்றால் அச்சு உதவாது. காகிதச் சீட்டு ஈரத்தில் உரிந்துவிடும். உரித்துவிட்டு வேறொன்றையும் ஒட்டிவிடலாம். கண்ணாடியை அரிக்கும் அமிலம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். ஆனால் அது தோல் வழியே ஊடுருவி எலும்பு வரை கெடுக்கும் பொல்லாதது.

1960ஆம் ஆண்டு மே 16இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அது மாணிக்கப் படிகத்தில் பிறந்த சிவப்பொளி. கண்ணாடிக்கு அது பயன்படவில்லை. சன்னலில் வெயில் நுழைவதுபோல் ஊடுருவிப் போய்விடும். 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் குமார் பட்டேல் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். இவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். அதன் கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கண்ணாடியின் மேற்பரப்பே உறிஞ்சிக்கொள்ளும். கதிர் பட்ட இடம் சூடேறி, நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி, வெண்மையாகத் தெரியும். அதுதான் எழுத்து! மையும் இல்லை, அமிலமும் இல்லை. ஆனால் சூடு மிஞ்சினால் குப்பியே விரிசல் விடும். ஆகவே அளவறிந்து செய்ய வேண்டும். இப்போது புற ஊதா லேசர்களும் இந்த வேலைக்கு உதவுகின்றன.

எழுத்துதானே என்று எண்ணிவிடக் கூடாது. போலி மருந்து உயிரைப் பறிக்கும். குப்பியிலுள்ள எண், அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று காட்டிக்கொடுக்கும். துவாஸில் மருந்துத் தொழிற்சாலைகள் நிறைந்த நம் நாட்டுக்கு இது வெறும் ஏட்டுப் படிப்பு அல்ல.

மாணவ மணிகளே! தம் வேலையில் தம் பெயரைப் பொறிப்பவர் அதற்குப் பொறுப்பும் ஏற்கிறார். எனியோன் அன்று செய்ததும் அதுதான். லேசர் இன்று செய்வதும் அதுதான்.