கண்டித் திடலின் ஆசான்

1906ஆம் ஆண்டில் கண்டி போகம்பறைத் திடலில் இரண்டு பள்ளிகளின் மாணவர் எதிரெதிரே அணிவகுத்து நின்றனர். ஒருபுறம் கிங்ஸ்வூட் கல்லூரி. மறுபுறம் திரித்துவக் கல்லூரி. ஆட்டம் றக்பி, நம்மவர் வழக்கில் 'றகர்'. இரு தரப்பாரும் ஆறு ஆறு புள்ளிகள் பெற, வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடிந்தது. இலங்கையில் பள்ளிகளுக்கிடையே நடைபெற்ற முதலாவது றகர் போட்டி அதுவே.

விளையாட்டுப் பற்றிய ஏடுகள் இச்செய்தியை இரண்டு வரிகளில் சொல்லி நின்றுவிடும். ஆனால் அந்த ஆட்டத்தை யார் யாருக்குக் கற்பித்தார், எதற்காகக் கற்பித்தார், யாருக்குக் கற்பிக்கவில்லை என்ற வினாக்களை எழுப்பினால், கண்டி மாநகரின் சமூக வரலாறே அத்திடலில் விரிந்து கிடப்பதைக் காணலாம்.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அதன் பின் மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. கோப்பி நோயுற்று அழிந்தபோது தேயிலைத் தோட்டங்களாயின. 1867இல் கண்டிக்கு இருப்புப்பாதை வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். தோட்டத் துரைமாரும் படை அதிகாரிகளும் தம் நாட்டு வாழ்க்கையைத் தம்முடனேயே கொண்டுவந்தனர். 1879இல் கொழும்பிலே அவர்கள் கால்பந்துக் கழகமொன்றை அமைத்து றகர் ஆடத் தொடங்கினர். ஆளுவோரின் ஓய்வு நேரத்துக்கு அது அரண் செய்தது. மைதானத்தின் கயிற்றுக்கு அப்பால் நிற்பதே சுதேசிக்கு விதிக்கப்பட்ட இடம்.

இந்தக் கயிற்றை முதலில் தாண்டியது ஒரு பள்ளி ஆசிரியரின் கை. லூயி எட்மண்ட் பிளேஸ் என்பது அவர் பெயர். 1861இல் கண்டியிற் பிறந்த பறங்கியர். திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். 1891 மே மாதம் 4ஆம் நாள் கண்டி பெவிலியன் தெருவில் பதினொரு மாணவருடன் அவர் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனின் பொறுப்பில் வந்த அப்பள்ளியே 1898இல் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

பள்ளியின் தொடக்க ஆண்டுகளிலேயே பிளேஸ் தம் மாணவர்க்கு றகரை அறிமுகப்படுத்தினார். இங்கே ஒரு செய்தியைக் கருத வேண்டும். அவர் மாணவர்க்கு ஆட்டம் பழக்கத் தொடங்கியபோது எதிர்த்தாட நாட்டிலே வேறொரு பள்ளி அணியில்லை. 1906 வரை, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், கிங்ஸ்வூட் மாணவருக்குப் பள்ளிப் போட்டி என்பதே இல்லை. வெற்றிக் கேடயமோ பத்திரிகைப் புகழோ கிட்டாத காலத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சியைக் கைவிடாதிருந்தார் என்றால், அவர் தேடியது கேடயமன்று என்பது தெளிவு. இன்று பருவந்தோறும் வெற்றிக் கணக்குக் கேட்டுப் பயிற்சியாளரை மாற்றும் பள்ளி நிருவாகங்கள் இந்தப் பதினைந்து ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

அன்று பயிற்சியாளர் என்றொரு தனித் தொழில் இருக்கவில்லை. வகுப்பறையில் நின்றவரே மாலையில் திடலிலும் நின்றார். பிளேஸ் 1923 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், அப்பள்ளியின் அதிபராக இருந்தார். இங்கிலாந்தின் மன்னர் வரிசையை மனனம் செய்வதே சரித்திரப் பாடமாயிருந்த காலத்தில், 1900இல் பள்ளி மாணவருக்கென இலங்கைச் சரித்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். துரைமாரின் ஆட்டத்தைச் சுதேசி மாணவர்க்குக் கொடுத்த கரமே, அம்மாணவருக்கு அவர்தம் நாட்டின் கதையையும் கொடுத்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பவர் பிளேஸை விளங்கிக்கொள்ளமாட்டார்.

திரித்துவக் கல்லூரியிலும் அக்காலத்தில் ஒரு புதுமை நிகழ்ந்துகொண்டிருந்தது. 1904 முதல் 1924 வரை அதன் அதிபராயிருந்த பிரேசர் பாதிரியார், தாய்மொழி அறியாத மாணவன் தன் மக்களுக்கே அந்நியனாவான் என்று கருதிச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் பாடத்திட்டத்தில் இடமளித்தார். விளையாட்டும் தாய்மொழியும் ஒரே கல்விக் கொள்கையின் இரு கிளைகளாக வளர்ந்தன. ஆயினும் பள்ளியில் ஆடக் கற்ற இளைஞன் பள்ளியை விட்டு வெளியேறியதும் எங்கே ஆடுவான்? வெள்ளையர் கழகங்களின் கதவு அவனுக்கு அடைத்தே கிடந்தது. சுதேசிகள் தமக்கென 1922இல் ஒரு றகர் கழகத்தைக் கொழும்பில் நிறுவ வேண்டியதாயிற்று. பள்ளித் திடலில் விதைத்தது அங்கே முளைத்தது எனலாம்.

இவ்வளவையும் பாராட்டிய பின், சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. போகம்பறையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள தோட்ட லயங்களில், அதே 1906இல், ஆயிரக்கணக்கான தமிழ்ச் சிறுவர் வாழ்ந்தனர். அவர்தம் பெற்றோர் பறித்த கொழுந்தினாலேயே கண்டி நகரம் செழித்தது. துரை ஆடிய திடலும் அவர்கள் வியர்வையில் விளைந்ததே. ஆனால் கட்டணம் கட்டி ஆங்கிலம் கற்கும் கல்லூரியின் வாயிலை அச்சிறுவர் எட்டவில்லை. விடியலில் பிரட்டுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு மாலை விளையாட்டு ஏது? 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனைப் பெறவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் அம்மக்களின் உரிமையையே பறித்தது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்தது 1970களிலேதான். பிளேஸ் கயிற்றைத் தாண்டினார். ஆனால் அவர் தாண்டியது இனத்தின் கயிற்றை. வர்க்கத்தின் கயிறு அறுபடாமலே கிடந்தது. இது ஒரு தனி மனிதரின் குற்றமன்று. அவர் வாழ்ந்த அமைப்பின் எல்லை.

அந்த எல்லை மாற்ற முடியாததன்று என்பதற்கும் கண்டி வட்டாரமே சான்று தருகிறது. 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரன், கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் கிரிக்கெட் ஆடினான். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த அச்சிறுவனைப் பதினான்காம் வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அச்சிறுவனே முத்தையா முரளிதரன்; 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றவர். ஒரு சிங்கள ஆசான் ஒரு மலையகத் தமிழ்ச் சிறுவனின் மணிக்கட்டில் கண்டதை நாடு முழுவதும் பின்னர் கண்டது. எனினும் அவர் குடும்பம் ஏற்கெனவே லயத்தை விட்டு வெளியேறித் தொழில் செய்து உயர்ந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது. வெளியேற முடியாதவரின் பிள்ளைகளில் எத்தனை மணிக்கட்டுகள் காணப்படாமலே போயின என்ற கணக்கு எவரிடமும் இல்லை.

பிளேஸ் 1951இல் மறைந்தார். அவர் நிறுவிய பள்ளி இன்று அரச பாடசாலையாக, கட்டணம் கட்ட இயலாதாரின் பிள்ளைகளையும் ஏற்று நிற்கிறது. அவருக்கு இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேண்டியதில்லை. ஆசிரியத் தோழர்களே! உங்கள் பள்ளியில் திடல் இல்லாதிருக்கலாம், பந்து கிழிந்திருக்கலாம், எதிரணியும் இல்லாதிருக்கலாம். எதிரணி வரும் வரை பதினைந்து ஆண்டுகள் காத்திருந்த ஒருவர் நம் முன்னே இருந்தார். அவர் தாண்டாமல் விட்ட இரண்டாவது கயிற்றைத் தாண்டும் வேலை இப்போது நம்முடையது.